‘ரசீது கொடுத்துட்டாங்க, கேஸ் ஆயிடுச்சுதானே?’

சட்டம் – கேள்வி பதில்

இந்த முறை சேலம், ஏற்காடு வட்டார வாசகர்களின் கேள்விகள். எல்லாமே புகார், போலீஸ் விசாரணை, சாட்சியம் பற்றியவை. பதிலில் வரும் பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டங்களின்படி: தண்டனைக்கு பாரதிய நியாய சன்ஹிதா, போலீஸ், கோர்ட் நடைமுறைக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியம். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். ‘சட்டமே மாறிப்போச்சு, பழைய கேஸ் செல்லாது’ என்று டீக்கடையில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ராத்திரி பூட்டை உடைத்து வெள்ளியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கேமராவில் ஆள் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. பையன் அதைச் செல்லில் பிடித்து போலீசுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். அது போதாதா? கேமரா காட்சி பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியையும் கேட்கிறார்கள்.
– வாசகர், சிவதாபுரம்

பதில்: போதாது. ஆளைத் தேட அந்த வீடியோ உதவும், அதோடு சரி. திரையைச் செல்லில் பிடித்தது நகலுக்கு நகல். வாட்ஸ்அப் அதை மேலும் சுருக்கி அனுப்பும். முகத்தின் நுணுக்கமும் போகும், கோப்போடு ஒட்டியிருக்கும் தேதி, கருவி விவரங்களும் போகும். ‘இது எந்தப் பெட்டியில் பதிவானது, இங்கே வருவதற்குள் யார் யார் கைக்குப் போனது?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அதற்குப் பதில் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

அதைவிட அவசரமான விஷயம், அழிவது. டிஸ்க் நிறைந்ததும் டி.வி.ஆர். பழைய காட்சியின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்குச் சுமார் 21 ஜி.பி. நாலு கேமரா, 1 டி.பி. டிஸ்க் என்றால் 11, 12 நாள்தான் தாங்கும். திருட்டு நடந்த ராத்திரியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, நாலைந்து நாள் முன்னால் அதே ஆள் பட்டறையை நோட்டம் பார்த்த காட்சியைக் கோட்டைவிடுபவர்கள் நிறையப் பேர். போலீஸ் வரத் தாமதமானால், பதிவை நிறுத்திவிட்டு முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். ஓடும்போதே ஒயரைப் பிடுங்கினால் டிஸ்க் பழுதாகலாம்.

நிறுத்துவதற்கு முன் இன்னொன்று. டி.வி.ஆர். கடிகாரம் பெரும்பாலும் சரியாக ஓடாது. திரையில் ஓடும் நேரமும் உங்கள் செல்போன் நேரமும் ஒரே படத்தில் விழும்படி ஒரு போட்டோ எடுங்கள். ‘பெட்டி நேரம் 7 நிமிடம் முந்துகிறது’ என்பதுபோல எழுதிப் புகாரோடு கொடுங்கள். தப்பாக ஓடுகிறதே என்று கடிகாரத்தைத் திருத்திவிடாதீர்கள். எவ்வளவு தப்பாக ஓடியது என்பதற்குப் பிறகு அத்தாட்சியே இருக்காது.

பெட்டியைக் கொடுக்கும்போது கைப்பற்றல் மகஜரில் (பொருளை எடுத்ததற்குப் போலீஸ் சாட்சிகளோடு எழுதும் குறிப்பு) கம்பெனி, மாடல், பெட்டியின் வரிசை எண், உள்ளே இருக்கும் டிஸ்கின் வரிசை எண் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். பெட்டிக்குப் பதில் பென் டிரைவில் நகல் தருவதானால், சாட்சியச் சட்டம் 63(4)-ன்படி சான்றிதழ் வேண்டும். இரண்டு பகுதி. முதல் பகுதியில் கருவியை வைத்திருக்கும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாம் பகுதியில் நிபுணர். இரண்டிலும் ‘ஹேஷ்’ எண் கேட்பார்கள். எஸ்.ஹெச்.ஏ. 256 என்ற முறையில் எடுத்தால் அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு. வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலும் முழுக்க மாறிவிடும். நகலில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

பட்டறைக்காரர்களுக்கென்றே இரண்டு சேதி. ஒன்று, கைரேகை. தொட்ட இடத்திலெல்லாம் ரேகை இருக்கும் என்பது சினிமா. சொரசொரப்பான சுவர், தூசு படிந்த ஷட்டர், துருப்பிடித்த பூட்டு இவற்றில் கிடைப்பது அரிது. கண்ணாடி, பெயின்ட் அடித்த பீரோ, தராசுத் தட்டு, ஸ்டீல் டப்பா போன்ற வழுவழுப்பான பொருளில்தான் நல்ல ரேகை நிற்கும். ரேகை எடுப்பவர்கள் வரும்வரை அவற்றைத் துடைக்கவோ அடுக்கவோ வேண்டாம். உங்கள் வேலையாட்களின் ரேகையையும் கேட்பார்கள். அது அவர்கள்மேல் உள்ள சந்தேகத்தால் மட்டும் அல்ல. வழக்கமாக அங்கே புழங்குபவர்களின் ரேகையைக் கழித்தால்தான் மிச்சம் யாருடையது என்று தெரியும்.

இரண்டாவது, உருக்குவது. கொலுசாக இருக்கும்வரைதான் அது உங்கள் கொலுசு. உருக்கிக் கட்டியாக்கிவிட்டால் வெள்ளி வெறும் வெள்ளி. ‘சுமார் 5 கிலோ’ என்று புகாரில் எழுதினால், பிடிபட்ட கட்டி உங்களுடையதுதான் என்று காட்டுவது பாடு. எத்தனை ஜோடி, எத்தனை கிராம், என்ன டச் (வெள்ளியின் சுத்தம்), எந்த முத்திரை, எந்த வியாபாரியிடம் கூலிக்கு வாங்கிய வெள்ளி என்று வரவு நோட்டைப் பார்த்து எழுதுங்கள். நோட்டே இல்லை என்றால் அதுவும் ஒரு பிரச்சினைதான். அதைப் போலீஸ் தீர்த்து வைக்க முடியாது.

கேள்வி: சீட்டுப் பணம் 1,80,000 ரூபாயை ஏமாற்றியவர்மேல் புகார் கொடுத்து 2 மாதம் ஆகிறது. சி.எஸ்.ஆர். ரசீது கையில் இருக்கிறது. கேஸ் எப்போது கோர்ட்டுக்கு வரும்?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: கேஸே இன்னும் பிறக்கவில்லை அம்மா. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு ஸ்டேஷனில் பதிவேட்டில் ஏறியதற்கான ரசீது. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., வேறு. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: ‘குற்ற எண் என்ன?’ எஃப்.ஐ.ஆரில் ஸ்டேஷன் பெயர், குற்ற எண், ஆண்டு, சட்டப்பிரிவு இருக்கும். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும்.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய நடைமுறைச் சட்டத்தில் 173(3) ஒரு சிறு இடைவெளி விட்டிருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை செய்யலாம். நம்பிக்கை மோசடிக்கு 5 ஆண்டு வரை தண்டனை என்பதால் உங்கள் புகார் அதற்குள் வரக்கூடும். ஆனால் 14 நாள் எங்கே, 2 மாதம் எங்கே!

செய்ய வேண்டியது: அதே புகாரைத் தேதி வாரியாக எழுதி, சீட்டு அட்டை, பணம் அனுப்பிய வங்கி விவரம், சி.எஸ்.ஆர். நகல் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் மாநகர எல்லையில் இருப்பதால் கமிஷனருக்கு. ஓமலூர், ஆத்தூர் பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி.க்கு. ஒப்புகை அட்டையைத் தொலைக்காதீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு. முதல் இரண்டு படியையும் ஏறாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். கொடுத்த பணம் திரும்பி வராததெல்லாம் குற்றமாகிவிடாது. சீட்டு நடத்தியவர் நொடித்துப்போனாரா, பணத்தை எடுத்து வேறு எதற்கோ போட்டாரா என்பதில்தான் சிவிலும் கிரிமினலும் பிரிகிறது. இரண்டாவதற்கு உங்களிடம் என்ன இருக்கிறதோ அதைப் புகாரின் முதல் பக்கத்தில் வையுங்கள். வசவை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் பைக்கில் வந்தவர்கள் செல்போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். கீழே இறங்கி முதலில் தென்பட்ட ஸ்டேஷனுக்குப் போனால் ‘எங்க லிமிட் இல்லை, மேலே போங்க’ என்கிறார்கள். 
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: போக வேண்டியதில்லை. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம் என்று 173(1) சொல்கிறது. பூஜ்ய எண்ணில் எஃப்.ஐ.ஆர். போட்டு, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மலைப்பகுதி மாவட்ட எஸ்.பி.யின் கீழ், நகரம் கமிஷனரின் கீழ் என்பது அவர்களுக்குள் இருக்கும் பாகப்பிரிவினை. மின்னஞ்சலிலும் புகார் அனுப்பலாம். 3 நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். செல்போன் டப்பாவில் இருக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் புகாரில் எழுதுங்கள். புகார் நகலை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கலாம். சிம்மை முடக்கினால் போன் முடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு.

கேள்வி: ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று பேப்பரில் அரைப் பக்கம் வருகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டவன் 4 வருஷம் கழித்து விடுதலை ஆகிவிடுகிறான். கோர்ட் தூங்குகிறதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வாழப்பாடி

பதில்: கோர்ட் அந்த வாக்குமூலத்தைப் படிக்கவே கூடாது ஐயா. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் எதையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872-லிருந்து இதுதான் சட்டம். இப்போது சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவு. அடி வாங்கிக்கொண்டு யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்பது வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது.

ஒரே ஒரு கதவு திறந்திருக்கிறது. அவன் சொன்னதால் ஏதாவது ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராக ஒட்டிய வாசகம் மட்டும் உள்ளே வரும். ‘நான்தான் அவரைக் கத்தியால் குத்தினேன். கத்தியைக் கிணற்றடிக் கல்லுக்குக் கீழே வைத்திருக்கிறேன், கூட வந்தால் காட்டுகிறேன்’ என்கிறான் என்று வையுங்கள். கல்லுக்குக் கீழே வைத்ததும் காட்டுவதும் செல்லும். குத்தினேன் என்ற வாக்கியம் செல்லாது. 1946 டிசம்பரில் புலுக்குரி கோட்டய்யா வழக்கில், அன்றைக்கு லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் போட்ட கோடு, இன்றும் அழியவில்லை. கத்தி அங்கே இருந்தது அவனுக்குத் தெரியும் என்பதுதான் இதனால் நிரூபணம். அதில் இருந்த ரத்தம் இறந்தவருடையது என்று தடய அறிவியல் கூடம் சொன்னால்தான் அடுத்த கண்ணி.

இந்த இடத்தில்தான் வழக்குகள் கழன்று விழுகின்றன. பொருள் கிடந்த இடம் யாரும் போய்வரும் பொது இடமாக இருக்கும். அல்லது முந்தைய நாளே போலீசுக்குத் தெரிந்த இடமாக இருக்கும். தெரிந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாதே! இல்லையென்றால் மகஜர் சாட்சி கூண்டில் ஏறி, ‘ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க, கையெழுத்துப் போட்டேன்’ என்பார். இப்போது நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுப்பது கட்டாயம். செல்போனே போதும் என்று சட்டமே சொல்கிறது. இனி சாட்சி மாற்றிப் பேசினாலும் படம் பேசும். படம் இல்லை என்றால் ஏன் இல்லை என்று போலீஸ் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வி.ஏ.ஓ.விடம் சரணடைந்து கொடுக்கும் வாக்குமூலம் வேறு வகை. அவர் போலீஸ் அதிகாரி அல்ல என்பதால் அது தடைக்குள் வராது. ஆனாலும் வேறு சான்று துணை நின்றால்தான் அதை நம்பித் தண்டிப்பார்கள். முன்பின் பழக்கமே இல்லாத வி.ஏ.ஓ.விடம் போய் ஒருவன் ஏன் மனசைத் திறந்தான் என்ற கேள்வி எப்போதும் வரும், வரவும் வேண்டும்.

கேள்வி: வரப்புத் தகராறில் என் கணவரைக் கட்டையால் அடித்து மண்டை உடைந்துவிட்டது. ரத்தம் பட்ட சட்டையைத் துவைக்காமல் பாலிதீன் பையில் கட்டி வைத்திருக்கிறேன். சரிதானே?
– வாசகி, காரிப்பட்டி

பதில்: துவைக்காதது சரி, பாலிதீன் தப்பு. இன்றே வெளியே எடுங்கள். ஈரத்தோடு கட்டிய பைக்குள் பூஞ்சையும் கிருமியும் பெருகி ரத்தத்தில் உள்ள டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். சுத்தமான தாளை விரித்து, நிழலில், காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போடக் கூடாது. காய்ந்தபின் ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, தேதி, யாருடைய துணி, யார் எடுத்து வைத்தது என்று மேலே எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். வேட்டியையும் சட்டையையும் ஒன்றாகச் சுருட்டினால் ஒன்றின் கறை மற்றதில் படும். எந்தப் பக்கம் ரத்தம் தெறித்தது என்ற விவரமே போய்விடும். அங்கிருந்து படிவம் 95-ல் கோர்ட்டுக்கு, கோர்ட்டிலிருந்து ஆய்வகத்துக்கு என்று போகும். சேலத்திலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது.

சட்டையைவிட முக்கியம், ஆஸ்பத்திரியில் முதலில் எழுதிய விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி. டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கு நீங்களோ அவரோ என்ன சொன்னீர்களோ அது அப்படியே அதில் இருக்கும்: எத்தனை பேர், தெரிந்தவர்களா, எதால் அடித்தார்கள், எத்தனை மணி. ‘போலீஸ் கேஸ் ஆகுமோ’ என்று பயந்து ‘வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லிவிட்டு மறுநாள் ஸ்டேஷனில் புகார் கொடுப்பவர்கள் உண்டு. ஏ.ஆரில் 2 பேர், புகாரில் பங்காளிகள் ஆறு பேர் என்பதும் உண்டு. கோபத்தில் சேர்த்த அந்த நாலு பேரால் உண்மையில் அடித்த இரண்டு பேரும் தப்பித்துவிடுவார்கள்.

‘15 நாள் பெட்டில் இருந்தால் கொடுங்காயம்’ என்று சொல்வதும் அரைகுறை. எலும்பு முறிவோ பல் விழுந்ததோ இருந்தால் அன்றே கொடுங்காயம்தான். அது இல்லாத காயத்துக்குத்தான் 15 நாள் கணக்கு (பழைய சட்டத்தில் 20). அதுவும் கடும் வேதனையோ, அன்றாட வேலையைப் பார்க்க முடியாத நிலையோ அத்தனை நாள் இருந்திருக்க வேண்டும். வெறுமனே கட்டிலில் படுத்திருந்ததைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: சம்பவம் நடந்த நேரத்தில் என் மகன் ஏற்காட்டில் இருந்தான். ஆனால் ‘டவர் சேலத்தைக் காட்டுது’ என்கிறார்கள். டவர் பொய் சொல்லுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: டவர் பொய் சொல்லாது, அதைப் படிப்பவர் தப்பாகப் படிக்கலாம். டவர் ஓர் இடத்தைக் காட்டுவதில்லை, ஒரு பரப்பைக் காட்டுகிறது. சாதாரணமாக ஒரு டவரில் மூன்று திசைக்கு மூன்று ஆன்டெனா, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 பாகை அகலத்துக்கு வீசும். நெருக்கமான கடைவீதியில் அந்தப் பரப்பு சில நூறு மீட்டர். தடையில்லாத வெளியில் பல கிலோமீட்டர். போன் கிட்டத்தில் இருக்கும் டவரைத்தான் பிடிக்கும் என்பதும் இல்லை. சிக்னல் நன்றாகக் கிடைப்பதைப் பிடிக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் நகரமே காலடியில் தெரிகிறது. கண்ணுக்குத் தடையில்லாதது அலைக்கும் தடையில்லை. மலை விளிம்பில் நிற்கும் போன் கீழே சமவெளி டவரோடு பேசுவது நடக்கக்கூடியதுதான். மகன் தோட்டத்தின் உள்பக்கம், மலை மறைவில் இருந்தான் என்றால் இந்த வாதம் எடுபடாது. எங்கே இருந்தான் என்பதை முதலில் சரியாகக் கேளுங்கள்.

வக்கீல் மூலம் மூன்று விஷயம் கேட்கலாம். அழைப்பு விவரப் பட்டியலில் உள்ள செல் ஐ.டி. எந்த ஆன்டெனாவுடையது, அது எந்தத் திசை பார்த்தது, அதற்கு முன்னும் பின்னும் வந்த அழைப்புகள் எந்த டவரில் விழுந்தன. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க நேரம் ஆகும். 5 நிமிட இடைவெளியில் ஒரு அழைப்பு மலை டவரிலும் அடுத்தது நகர டவரிலும் இருந்தால், ஆள் பறக்கவில்லை, போன்தான் டவர் மாறியது என்று தெரிந்துவிடும். செல்போன் கம்பெனிகள் இந்தப் பட்டியலைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதற்குமேல் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பேசிய பேச்சு அதில் இருக்காது. எண், நேரம், எத்தனை நொடி, எந்த செல் என்பது மட்டும்தான்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் திருட்டுக்குச் சாட்சி சொல்ல ராத்திரி 7 மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வருகிறது. போகாவிட்டால் என்மேல் கேஸ் வருமா? 
– இல்லத்தரசி, சூரமங்கலம்

பதில்: வராது. பெண்களையும், 15 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல் உள்ள ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும், 179-வது பிரிவு. நீங்களாக விரும்பினால் போகலாம். மற்றவர்களையும் எழுத்தில்தான் அழைக்க வேண்டும். விசாரணையில் சொன்னதை எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டால், சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181 இருக்கிறது. மகஜரில் கையெழுத்து வேண்டும்தான்; படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் எதற்காகவும் வேண்டாம்.

கேள்வி: மும்பை போலீஸ் என்று வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்றார்கள். அப்படி ஒன்று புதுச் சட்டத்தில் வந்திருக்கிறதா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: எந்தச் சட்டத்திலும் இல்லை. கைது என்றால் ஆள் நேரில் வர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆஜராகச் சொல்லும் நோட்டீசைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு.

கேள்வி: மலைப்பாதையில் என் காரில் ஒருவர் பைக்கோடு வந்து மோதிவிட்டார், கால் முறிவு. கார் 3 வாரமாக ஸ்டேஷன் வாசலில் வெயிலில் கிடக்கிறது. கேஸ் முடிந்தால்தான் தருவார்களாம். தவிர, நான் நிற்காமல் போயிருந்தால் 10 வருஷம் ஜெயில் என்கிறார்கள்.
– வாசகர், சேலம்

பதில்: கேஸ் முடியும்வரை என்பது தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 136-ன்படி, விபத்து வண்டியை வாகன ஆய்வாளர் பார்த்து முடித்ததும் 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். சிக்கல் பெரும்பாலும் அந்த ஆய்வு நடக்காமல் கிடப்பதுதான். பிரேக், ஸ்டீயரிங் சோதித்து அறிக்கை கொடுத்துவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். அதன்பிறகும் தராவிட்டால் ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் நகல்களோடு மாஜிஸ்திரேட்டிடம் நடைமுறைச் சட்டம் 497-ன் கீழ் வண்டி ஒப்படைப்பு மனு போடுங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, விற்க மாட்டேன், கேட்டபோது கொண்டுவருவேன் என்ற பிணையப் பத்திரத்தின்பேரில் தருவார்கள். இன்சூரன்ஸ் காலாவதியான வண்டி இவ்வளவு சுலபமாக வெளியே வராது.

10 வருஷம் என்பது உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுபவர்களுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 106(2). லாரி ஓட்டுநர்கள் போராட்டத்துக்குப் பிறகு, 2024 ஜூலையில் மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இது மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. உங்கள் வழக்கில் உயிரிழப்பும் இல்லை, நீங்கள் ஓடவும் இல்லை. இரண்டு வகையிலும் அது உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: சமாதானம் ஆகிவிட்டோம். புகார் கொடுத்த நானே கேஸை வாபஸ் வாங்கலாமா?
– வாசகர், எடப்பாடி

பதில்: எஃப்.ஐ.ஆர். ஆவதற்கு முன்னால் என்றால் எழுதிக் கொடுக்கலாம். ஆனபிறகு அது உங்கள் கேஸ் இல்லை, அரசின் கேஸ். சாதாரணக் காயம் போன்ற சிறு குற்றங்களை 359-ன் கீழ் கோர்ட்டில் ராஜி செய்துகொள்ளலாம். மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம். ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் ராஜி கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 528-ன் கீழ் ரத்து கோரும் மனுதான் வழி. ‘கூண்டில் ஏறி மாற்றிச் சொல்லிவிடுகிறேன்’ என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் பிறழ்சாட்சியானாலும் ஏ.ஆர். காப்பியும் மற்ற சாட்சிகளும் அங்கேயேதான் இருக்கும். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்கு உங்கள்மேல் தனி வழக்கு வரலாம்.